பரணில் கிடக்கும் மேளத்தைப் பிள்ளைகளிடம் சேர்ப்பது எப்படி?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளலூர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்குப் போர்தான் ஞாபகம் வரும். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இதே மண்ணில் நொறுக்கினார்கள். மறு ஆண்டே இன்னொரு போர். அதில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத்தூண்கள் இன்னும் ஊரில் நிற்கின்றன. இந்த மகேந்திரவர்மனுக்குச் 'சங்கீர்ணசாதி' என்றொரு பட்டப்பெயர் உண்டு. தாளத்தில் ஒன்பது எண்ணிக்கை கொண்ட சங்கீர்ண சாதியோடு அதைச் சேர்த்துச் சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். தாளத்தின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்ட அரசன் வென்ற ஊர் என்பது, போர்க் கதைகளைவிட எனக்குப் பிடித்த செய்தி.

இந்த வட்டாரத்தில் மேளத்துக்கு எப்போதும் குறைவில்லை. ஆடி பிறந்தால் பம்பையும் உடுக்கையும் கிளம்பிவிடும். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கல்யாணத்துக்குத் தவில், திருவிழாவுக்கும் சாவுக்கும் பறை, பஜனைக்கு மிருதங்கமோ டோலக்கோ, தேவாலயத்தில் டிரம் செட். பழக ஆசைப்படும் பிள்ளைகளும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பெஞ்சில் இரண்டு பேனாவை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கும் பையனை எந்த அரசுப் பள்ளி வகுப்பிலும் பார்க்கலாம். அவன் கையில் மேளம் இல்லை. மேளம் இருக்கிற வீட்டிலோ அடிக்க ஆள் இல்லை. மகன் வேலைக்குப் போய்விட்டான், தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார், மெல்லிசைக் குழு கலைந்துவிட்டது, பஜனை மடத்துக்குப் புதுக் கருவி வந்துவிட்டது. பழையது பரணில் ஏறிவிட்டது.

அந்தப் பழையதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் விவரமும் வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மேளத்தில் மரம் தலைமுறை தாண்டி நிற்கும், தோல் நிற்காது. பலா மரத்தில் கடைந்த மிருதங்கக் கட்டை தாத்தா காலத்தது என்றால் அது பெருமைதான். தாத்தா காலத்துத் தோலே இன்னும் அதன்மேல் இருக்கிறது என்றால் அதில் பாடம் நடத்த முடியாது. கொடுக்கிறவர் கட்டையைப் பார்த்து மதிப்புப் போடுகிறார். வாங்குகிற வாத்தியார் தோலைப் பார்க்கிறார். ஒரு மூட்டு மாற்ற, அதாவது ஒரு பக்கத்துத் தோலை முழுதாகப் புதிதாகப் போட, இன்று ஆயிரக்கணக்கில் செலவாகும். அந்தப் பணம் பள்ளியிலும் இருக்காது, பகுதிநேரமாக வந்து சொல்லிக்கொடுக்கும் கலைஞரிடமும் இருக்காது. ஆக, நல்லெண்ணத்தில் வந்த கருவி போட்டோ எடுத்த கையோடு ஸ்டோர் ரூமுக்குப் போகிறது. அங்கே எலி அதைப் பார்த்துக்கொள்கிறது.

அதனால் மேளம் கொடுக்கிறவர் தோலுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். இரண்டு மிருதங்கம் கொடுக்க வசதி இருக்கிறவர், ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றுக்கு ஆகும் பணத்தைத் தோல் மாற்றும் செலவுக்கு ஒதுக்கினால் அந்த வகுப்பு மூன்று வருஷம் ஓடும்.

மிருதங்கத்தை எப்படிப் பார்ப்பது? வெளிச்சத்தில் வைத்து வலந்தலையைப் பாருங்கள். நடுவே கருப்பாக இருப்பதைச் சோறு என்பார்கள், சாதம், கரணை என்றும் சொல்வார்கள். வடித்த சோற்றோடு கல்பொடியைப் பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது அது. அதில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வெடிப்புகள் இருந்தால்தான் நாதம் பிறக்கும். சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் மறுபடி சோறு போட வேண்டும். அடுத்து விளிம்புத் தோலை விரலால் அழுத்துங்கள். காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்திருந்தால் சுருதி ஏற்றும்போது கிழிந்துவிடும். இரண்டு தலைகளையும் இழுத்துப் பிடித்திருக்கும் எருமைத்தோல் வாரை ஒவ்வொன்றாக விரலால் தூக்கிப் பாருங்கள். வார் இற்றுப்போயிருந்தால் தோல் புதிதாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

இடந்தலையை, அதாவது தொப்பியை, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிடலாம். வாசிக்கும்போது அங்கே ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டிருந்தால் பூஞ்சை பிடித்துத் தோல் நாறும். கடைசியாகக் கட்டையைத் தரையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் துணியில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் மரத்தில் பூச்சி இருக்கிறது. அதைப் பள்ளிக்கு அனுப்பினால் பக்கத்தில் இருக்கும் மற்ற கருவிகளும் போய்விடும்.

மரம் நன்றாக இருந்து தோல் மட்டும் போயிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிருதங்க வேலை தெரிந்தவரிடம் கொடுத்து இரண்டு மூட்டும் மாற்றிய பிறகு கொடுங்கள். அந்தக் கூலியில் பேரம் பேச வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றையும் தேர்ந்து, ஊறவைத்து, நறுக்கி, நாதத்துக்குக் கொண்டுவரும் அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருபவர்கள் பெரும்பாலும் தலித் குடும்பத்தினர். மேடையில் அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று ஒரு புத்தகமே அவர்களைப் பற்றி எழுதினார். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மேளத்தில் யார் தோல் போட்டார் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். பழுது பார்க்க யாரிடம் போவது என்று பள்ளிக்கும் தெரியும், இதைச் செய்த கை எது என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதே சீட்டில் சுருதியையும் குறித்துவிடலாம். ஒரு கட்டைச் சுருதிக்கு நிற்கிற பெரிய மிருதங்கமும் ஐந்து கட்டைச் சுருதிக்கு நிற்கிற சின்ன மிருதங்கமும் ஒரே வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்காது. சின்னப் பிள்ளைகளுக்குச் சின்னக் கட்டைதான் மடியிலும் நிற்கும், கைக்கும் எட்டும்.

தவிலைப் பொறுத்தவரை, பத்து வயதுப் பிள்ளைக்கு அது சுமை. தோளில் மாட்டி நிற்கவும் முடியாது, விரல்களுக்குக் கூடு போட்டு அடிக்கவும் பழக்கம் வேண்டும். அதனால் தவில் இருந்தால் முறையாகத் தவில் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கே போக வேண்டும். வார் வைத்த பழைய தவிலா, போல்ட் நட்டு வைத்த புதுத் தவிலா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூவரசங் கழி ஒன்றிரண்டு சேர்த்துக் கொடுத்தால் நல்லது. கழி இல்லாமல் வந்த தவிலை வாங்கியவர் அன்றைக்கே கழிக்கு அலைய வேண்டியிருக்கும்.

பறைதான் பிள்ளைகளுக்கு உடனே கைவரும் கருவி. வட்டமான மரச் சட்டம், ஒரு பக்கம் தோல், ஒரு கையில் அடிக்குச்சி, இன்னொன்றில் சிண்டுக்குச்சி. முதல் நாளே ஒரு அடியைக் கூட்டமாக அடித்துவிடலாம், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு இல்லை. ஆனால் தோல் பறையை வாசிக்கும் முன் நெருப்பில் காய்ச்ச வேண்டும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்து எடுப்பார்கள். பள்ளி வளாகத்தில் எல்லா நாளும் அது நடக்காது. மழைக்காலத்தில் பாதி வகுப்பு பறை தொய்ந்தே போகும். அதனால் இப்போது பைபர் தோல் போட்ட பறைகள் நிறைய வந்துவிட்டன. 1957 வாக்கில் அமெரிக்காவில் ரெமோ பெல்லி போன்றவர்கள் பாலியஸ்டர் படலத்தில் டிரம் தோல் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இது. காதுக்கு மாட்டுத்தோலின் முழக்கம் இதில் கிடைக்காது, அது உண்மை. ஆனாலும் புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு ஐப்பசி மழையிலும் அடிக்கக்கூடிய பறை தேவை. எனவே பள்ளிக்குப் பைபர், மேடை ஏறும் குழுவுக்குத் தோல் என்பது என் கருத்து.

கஞ்சிரா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பழைய கஞ்சிராக்களில் போட்டிருப்பது பெரும்பாலும் உடும்புத் தோல். உடும்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். அதன் தோல் உள்ள பொருளைக் கைமாற்றினால் கொடுத்தவருக்கும் வாங்கிய தலைமையாசிரியருக்கும் சிக்கல் வரும். உடும்புத் தோல் கஞ்சிராவைப் பள்ளிக்கோ மன்றத்துக்கோ கொடுக்காதீர்கள். ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் போட்ட கஞ்சிராக்கள் கடைகளில் கிடைக்கின்றன.

டிரம் செட் கொடுப்பவர்கள் டிரம்மைக் கொடுத்துவிட்டுச் சின்னச் சாமான்களை விட்டுவிடுகிறார்கள். பேஸ் டிரம்மின் பெடல், ஹைஹேட் ஸ்டாண்டில் மேல் தட்டைப் பிடிக்கும் கிளச், சிம்பலுக்கு அடியில் வைக்கும் பெல்ட் வளையம், இறக்கை நட்டு, உட்காரும் ஸ்டூல். இதில் ஒன்று குறைந்தாலும் செட் நிற்காது. எல்லாவற்றிலும் அதிகம் தொலைவது சாவிதான். தோலை இறுக்கும் திருகுகளுக்குச் சதுர வாய் உள்ள குட்டிச் சாவி ஒன்று உண்டு. அதை ஒரு கயிற்றில் கோத்து ஸ்நேர் ஸ்டாண்டிலேயே கட்டிவிடுங்கள். சிம்பலின் ஓரத்தை விரல் நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே விரிசல் இருக்கிறது, நாளுக்கு நாள் அது உள்ளே ஓடும், கையையும் கிழிக்கும். தோல் கிழிந்திருந்தால் டிரம்மின் குறுக்களவை அங்குலத்தில் அளந்து எழுதிவையுங்கள். ஸ்நேருக்குப் பெரும்பாலும் 14 அங்குலம். அந்த அளவைச் சொன்னால் கடையில் புதுத் தோல் கிடைத்துவிடும். மெல்லிசைக் குழுக்களில் இருந்து வரும் ரிதம் பேடுகளுக்கு அடாப்டர்தான் உயிர். ரோலண்ட் நிறுவனம் 1985இல் ஆக்டபேடைக் கொண்டுவந்ததிலிருந்து நம் ஊர் மேடைகளில் அது இல்லாத பாட்டுக் கச்சேரி அரிது. பழைய பேடு வைத்திருப்பவர்கள் அதன் சொந்த அடாப்டரோடு, எட்டுப் பட்டையும் அடித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வோல்டேஜ் மாறிய அடாப்டரை மாட்டினால் ஒரு நொடியில் கருகிவிடும்.

சரி, யாரிடம் கொடுப்பது?

காஞ்சிபுரம் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு முன்மாதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெருங்கட்டூர் கூத்து மரபில் வந்த பி. ராஜகோபாலும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 1990இல் கட்டைக்கூத்துக் கலைஞர்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் உருவானது. அதுவரை கூத்துக்கு வந்த பிள்ளை படிப்பை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. ராத்திரி முழுக்க ஆட்டம், காலையில் எங்கே பள்ளிக்கூடம் போவது? குருகுலத்தில் படிப்பும் கூத்தும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஆடவும் பாடவும் பழகியதோடு ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, கைத்தாளம் என்று கூத்தின் கருவிகளும் அவர்கள் கைக்கு வந்தன. பொம்பளைப் பிள்ளைகளும் அங்கே பழகினார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டி ஆடிவந்த ஒரு கலையில் அது சின்ன மாற்றம் இல்லை. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. இந்த மாதிரி ஒரு இடத்தைக் கட்ட எத்தனை வருஷம் ஆகும்!

கருவி கொடுக்கிறவருக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தியும் இருக்கிறது. எப்போதோ கேள்விப்பட்ட பெயரை நம்பி வண்டி ஏற்றிவிடக் கூடாது. வகுப்பு இப்போது நடக்கிறதா, வாரத்தில் எந்த நாள், எத்தனை பிள்ளைகள், யார் சொல்லிக்கொடுக்கிறார் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வாத்தியார் இருக்கிற இடத்துக்குப் பழைய மேளம் போனாலும் பாட்டு வரும். வாத்தியார் இல்லாத இடத்துக்குப் புது மேளம் போனாலும் தூசிதான் படியும். கருவி இருக்கிறது, ஆசிரியர் இல்லை என்ற நிலையில் இருக்கும் பள்ளிக்கு, பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியாரையோ பறைக் கலைஞரையோ வாரம் ஒரு நாள் வரவழைத்து, அவருக்கு மரியாதையான ஒரு தொகை கொடுப்பதுதான் பெரிய நன்கொடை.

காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் இந்தப் பள்ளிகளில் 12 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். தவிலும் மிருதங்கமும் முறையான பாடங்கள். நல்ல தவில், நல்ல மிருதங்கம் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய இடம் இது. அங்கே படிக்கிற பிள்ளை சாயங்காலம் வீட்டில் சாதகம் செய்யச் சொந்தக் கருவி இல்லாமல் தவிப்பதுண்டு. பள்ளிக்குத் தேவையில்லை என்றாலும் ஒரு மாணவருக்குத் தேவை இருக்கும். அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானவை. அவர்களுக்குச் சின்னக் கருவிகள்தான் பொருந்தும்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி அளவில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் ஏறும். கருவி இசையும் அதில் உண்டு. போட்டி நெருங்கும்போது வாத்தியம் இரவல் கேட்டு அலையும் பள்ளிகள் நிறைய. அந்தப் பரபரப்பில் கொடுப்பதைவிட ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பழக நாள் கிடைக்கும்.

பள்ளிக்குக் கொடுக்கும்போது தலைமையாசிரியரிடம் ஒரு கடிதத்தோடு கொடுங்கள். என்ன கருவி, எத்தனை, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் பார்வைக்கும் வைத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறாத கருவிக்கு, இருக்கிற ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் கேட்பார் இருக்காது. கொஞ்சம் பெரிய அளவில், பல பள்ளிகளுக்குச் செய்ய நினைக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் நிறுவனங்களுக்கும், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் இருக்கிறது. வரிச் சலுகை பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 80ஜி என்று நாம் அறிந்த சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். பொருளாகக் கொடுக்கும் மேளத்துக்கு அது கிடைக்காது. ரொக்கமாகக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது.

கிராமத்தில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. பறையும் பம்பையும் பள்ளிக்குள் போகும்போது, யார் கையில் அது போகிறது என்று பாருங்கள். 'அந்தத் தெருப் பசங்கதானே நல்லா அடிப்பாங்க' என்று ஒரு சாதிப் பிள்ளைகளிடம் மட்டும் பறையைக் கொடுத்துவிட்டு, மற்ற பிள்ளைகளைக் கீபோர்டுக்கு அனுப்புவது நடக்கிறது. பிறகு ஊரில் சாவு விழுந்தால் அதே பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். நாம் கொடுத்த மேளம் அந்தப் பிள்ளையின் கழுத்தில் பழைய கயிறாக விழுந்துவிடக் கூடாது. கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லலாம்: 'சார், இது எல்லாப் பிள்ளைங்களுக்கும். வகுப்பும் பள்ளிக்கூட விழாவும் தவிர வேற எதுக்கும் இதைத் தூக்கிட்டுப் போகச் சொல்லாதீங்க.' கடிதத்திலும் ஒரு வரி எழுதலாம். மதுரைப் பக்கம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பறையைக் கையில் எடுக்கத் தயங்கும் பெற்றோரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசலாம்.

பெண் பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். 'பொம்பளைப் புள்ள மேளம் அடிக்கறதா?' என்று கேட்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல வருஷங்களுக்கு முன்பே பறையோடு ஊர் ஊராகப் போய் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். பத்து பறை கொடுக்கிறீர்கள் என்றால் ஐந்து பெண் பிள்ளைகளுக்கு என்று சொல்லியே கொடுங்கள்.

கருவி போதாது என்ற கவலை வேண்டாம். நாற்பது பிள்ளைக்கு நாற்பது மேளம் யாராலும் தர முடியாது. மிருதங்கத்தில் முதல் பாடமான த, தி, தொம், நம் நான்கையும் வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, தொடையில் தட்டியே மாதக்கணக்கில் பழகலாம். பழைய டயரிலிருந்து வெட்டிய ரப்பரைப் பலகையில் ஒட்டினால் குச்சிப் பயிற்சிக்கு அது போதும், சத்தமும் இல்லை. நான்கு மேளம் இருந்தால் நான்கு பேர் அடிக்க, மீதிப் பேர் சொல்கட்டு சொல்ல, முறை மாற்றிக்கொண்டே போகலாம். பராகுவே நாட்டில் அசுன்சியோன் நகருக்கு வெளியே கட்டேயுரா என்ற குப்பைமேட்டுக் குடியிருப்பில், பாவியோ சாவேஸ் என்பவர் குப்பையில் கிடைத்த தகரத்தையும் குழாயையும் கொண்டு வாத்தியங்கள் செய்யவைத்துப் பிள்ளைகளுக்கு இசைக்குழு அமைத்தார். அவர்களுடைய டிரம்முக்குத் தோல், பழைய எக்ஸ்ரே படங்கள். நம் சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கருவியும் கொடுத்துப் பயிற்சியும் இலவசமாகக் கொடுக்கிறது. இரண்டு இடத்திலும் கருவியோடு சேர்ந்து, தவறாமல் வந்து நிற்கிற ஒரு ஆசிரியர் இருந்தார். அதனால்தான் அவை நிலைத்தன.

கொடுத்த பிறகு கருவியைக் காப்பாற்றுவது எப்படி என்றும் பள்ளிக்குச் சொல்லிவிட வேண்டும். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, மழைக்காலத்தில் சுவரின் ஈரம் தோலுக்கு ஏறிவிடும். வெயிலிலும் வைக்கக் கூடாது. தரையில் வைத்தால் கரையான் வரும், பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் வைக்க வேண்டும். மிருதங்கத்தின் சோறும் தொப்பியில் விட்ட ரவையும் எலிக்கு விருந்து, அதனால் மூடியுள்ள அலமாரியோ இரும்புப் பெட்டியோ அவசியம். கருவி கொடுப்பவர் பழைய இரும்புப் பீரோ ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் அது உபரி இல்லை. மாதத்துக்கு ஒரு முறை எல்லாக் கருவியையும் எடுத்துத் துடைத்து அடித்துப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். வாசிக்காமல் கிடக்கும் தோல்தான் சீக்கிரம் கெடும்.

காதையும் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அடைத்த அறையில் டிரம் செட்டோ பத்துப் பறையோ அடித்தால் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். வகுப்பை மரத்தடியில் நடத்துவது நல்லது. அறைக்குள்தான் என்றால் காதடைப்பான் சில ஜோடி வாங்கிக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு சின்னது, போன செவி திரும்பி வராது.

புள்ளலூரிலும் பக்கத்து ஊர்களிலும், ஏன், சென்னையில் குடியேறிவிட்ட இந்தப் பகுதிக்காரர்கள் வீட்டிலும், பரண் மேல் ஒரு மிருதங்கமோ டோலக்கோ தலைகீழாகக் கிடக்கக் கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அதைக் கீழே இறக்குங்கள். தோலை அழுத்திப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கோ, தெரிந்த கூத்து வாத்தியாருக்கோ போன் போட்டு, 'எங்ககிட்ட இது இருக்கு, உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேளுங்கள். கொடுப்பதென்று முடிவானால், ஒரு மூட்டு மாற்றும் கூலியையும் மேளத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.